மூளையும் மாதிரியும்

(இளைஞர்களுக்கான அரசியல் வகுப்பில் ஆற்றிய உரை)



மனித மூளையைப் போலவே சிந்திக்கும் இயந்திரம் வந்துவிட்டது, இனி உழைப்பாளியின் அறிவுக்கு வேலையில்லை என்று முதலாளிகள் முழங்குகிறார்கள். மறுபுறத்தில், மனம் என்பது ஆன்மாவின் லீலை, விஞ்ஞானம் அதை அணுகவே முடியாது என்று உபதேசிப்பவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூற்றுகளையும் நாம் ஏற்பதில்லை. ஏன் என்பதை இன்று பார்ப்போம்.

ஒரு பொருளை ஆராயும் விஞ்ஞானி அதன் எல்லா அம்சங்களையும் ஒரே நேரத்தில் கையில் எடுப்பதில்லை. பலவற்றை ஒதுக்கிவிட்டு, முக்கியமானவற்றை மட்டும் கொண்டு ஒரு மாதிரியை அமைக்கிறார். ஊரின் வரைபடத்தில் தெருப்புழுதி இல்லை. சந்தை இரைச்சல் இல்லை. அவை இல்லாததால்தான் அது வழி காட்டுகிறது. மார்க்சும் முதலாளித்துவ சமுதாயத்தை ஆராய்வதற்கு, சரக்கு என்ற ஒன்றைப் பிரித்தெடுத்துத்தான் தொடங்கினார். ஆகவே மாதிரி அமைப்பது குற்றமல்ல. அது இல்லாமல் விஞ்ஞானமே இல்லை.

மூளை விஷயத்தில் இதன் வெற்றியைப் பாருங்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் கணவாயின் தடித்த நரம்பு இழையை எடுத்து ஆராய்ந்தார்கள். சோடியமும் பொட்டாசியமும் இழையின் சவ்வைக் கடந்து போய் வருவதால் மின்துடிப்பு எவ்வாறு எழுகிறது என்பதை 1952-ல் சமன்பாடுகளாக எழுதினார்கள். ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்குப் பொறியை வைத்துக்கொண்டு கணக்கிட்டார். கணக்கில் வந்த துடிப்பு, நரம்பில் அளந்த துடிப்பைப் பெரிதும் ஒத்திருந்தது. 1963-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆன்மாவைத் துணைக்கு அழைக்காமலே நரம்பின் துடிப்பு விளங்கிவிட்டது. இது பொருள்முதல்வாதத்தின் வெற்றி அல்லவா?

இதற்கு முன்பே, 1943-ல், அமெரிக்காவில் மக்கல்லக், பிட்ஸ் என்ற இருவர் இன்னும் எளிமையான மாதிரி ஒன்றை அமைத்தார்கள். நரம்பணு ஒன்று துடிக்கும் அல்லது துடிக்காது, ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். இத்தகைய அணுக்களைச் சேர்த்துப் பின்னினால் தர்க்கக் கணக்குகளைச் செய்யலாம் என்று அவர்கள் நிரூபித்தார்கள். இன்று செயற்கை அறிவு என்று பேசப்படும் வலைகளுக்கு இதுவே ஒரு மூலவேர்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே இருவரும் லெட்வின், மாடுரானா என்ற விஞ்ஞானிகளோடு சேர்ந்து தவளையின் கண்ணை ஆராய்ந்து 1959-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கண் தன்மீது விழும் படத்தைப் புள்ளி புள்ளியாக மூளைக்கு அனுப்புவதில்லை என்று கண்டார்கள். பூச்சியைப் போன்ற, அசையும் சிறிய கரும்பொருளைக் கண்டால் துடிக்கும் இழைகள் அந்தக் கண்ணில் இருந்தன. தவளையின் பிழைப்பே அதன் கண்ணில் பதிந்திருந்தது! மாதிரி சொல்லாததை உயிர் சொல்லிற்று. மாதிரியை அமைத்தவர்களே அதைக் கேட்டு உலகுக்குச் சொன்னார்கள். இதுதான் விஞ்ஞான நேர்மை.

சந்தைக்கு இந்த நேர்மை கிடையாது. 1958-ல் ரோசன்பிளாட் என்பவரின் பெர்சப்ட்ரான் என்ற மாதிரியை அமெரிக்கக் கடற்படை பத்திரிகையாளர்களிடம் காட்டிற்று. அட்டையின் எந்தப் பக்கத்தில் குறி இருக்கிறது என்று அது கற்றுக்கொண்டது. அதை வைத்து, வருங்காலத்தில் நடக்கவும் பேசவும், தன்னைத் தானே உணரவும் வல்ல இயந்திரம் வரும் என்று செய்தி பரப்பப்பட்டது. இடதா வலதா என்று சொன்ன பொறிக்கு இத்தனை பட்டம்! உண்மை நிலை என்ன? 302 நரம்பணுக்களே கொண்ட ஒரு சிறு புழுவின் நரம்பு இணைப்புகள் 1986-லேயே வரைபடமாக வெளிவந்தன. அந்த வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு புழு அடுத்து என்ன செய்யும் என்பதை முழுமையாகச் சொல்ல இன்றும் இயலவில்லை. மனித மூளையிலோ சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள்!

தோழர்களே, மாதிரியை மனிதன் என்று எடுத்துக்கொள்ளும் பிழை முதலாளித்துவ உலகில் மட்டும் நடந்தது என்று நினைக்கக் கூடாது. சோவியத் நாட்டிலும் நடந்தது. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

பாவ்லவின் அனிச்சைச் செயல் ஆராய்ச்சி மகத்தானது. ஆனால் 1950-ல் மாஸ்கோவில் கூடிய விஞ்ஞான மாநாடு அதையே கட்டளை ஆக்கிற்று. ஓர்பெலி, அனோகின், பெரிதாஷ்விலி முதலிய அறிஞர்கள் அங்கே கண்டனத்துக்கு ஆளானார்கள். அந்த ஆண்டுகளில் தாக்கப்பட்டு வேலையை இழந்தவர்களில் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைனும் ஒருவர்.

யார் இந்த பெர்ன்ஸ்டைன்? 1920-களில் மாஸ்கோவின் மத்திய உழைப்பு ஆராய்ச்சி நிலையத்தில், உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளியை ஆராய்ந்தவர். தொழிலாளியின் கை மூட்டுகளில் சிறு விளக்குகளைப் பொருத்திப் படம் எடுத்தார். சுத்தியலின் முனை அடிக்கு அடி ஏறக்குறைய ஒரே தடத்தில் வந்து விழுந்தது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வோர் அடியிலும் வெவ்வேறாக அசைந்தன. அதாவது தொழிலாளி ஒரே அசைவைத் திருப்பித் திருப்பிச் செய்யவில்லை. ஒரே பிரச்னைக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்வு காண்கிறார்! தூண்டினால் துலங்கும் அனிச்சைச் சங்கிலி என்ற மாதிரிக்குள் இது அடங்காது. மூளை இலக்கை முன்கூட்டியே வகுக்கிறது. நடப்பதைக் கவனித்துத் திருத்துகிறது.

இந்த உண்மை கட்டளைக்குக் கீழ்ப்படியவில்லை. 1960-களில் அவருடைய கருத்துகள் அவர் நாட்டிலேயே மீண்டும் மதிப்புப் பெற்றன. 1966-ல் அவர் காலமானார். 1967-ல் அவர் நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் என்ன? எந்த மாதிரியும் எதையோ ஒதுக்கித்தான் உருவாகிறது. ஒதுக்கியதை நினைவில் வைத்திருப்பவன் விஞ்ஞானி. ஒதுக்கியது உலகிலேயே இல்லை என்பவன் விஞ்ஞானியும் அல்ல, பொருள்முதல்வாதியும் அல்ல. அவன் தன் தலையில் உள்ள கருத்தை எதார்த்தத்தின் மேல் ஏற்றுகிறான். பெயர் எதுவாயினும் அது கருத்துமுதல்வாதமே.

இது ஏட்டுப் பிரச்னை அல்ல. இன்று பொருட்கிடங்கிலும், வீடு வீடாக உணவு கொண்டு செல்லும் வேலையிலும், கணினியே வேலை அளவை வகுக்கிறது. இத்தனை நிமிஷத்தில் இத்தனை வேலை என்கிறது. அந்தக் கணக்கும் உழைப்பாளியின் ஒரு மாதிரிதான். அதில் வெயில் இல்லை, களைப்பு இல்லை, மூட்டு வலி இல்லை, கைத்திறனும் இல்லை. சிந்திப்பதாகச் சொல்லப்படும் இயந்திரத்தின் பின்னாலும் லட்சக்கணக்கான படங்களையும் வாக்கியங்களையும் பார்த்துப் பெயர் குறித்துத் தரும் கூலி உழைப்பு இருக்கிறது. விளம்பரத்தில் அது இடம் பெறுவதில்லை.

ஆகவே தோழர்களே, விஞ்ஞானம் என்ற பெயரில் ஒரு கணக்கை நம் முன் வைக்கும்போது நாம் மருள வேண்டாம். அதைப் பழிக்கவும் வேண்டாம். இந்தக் கணக்கில் எதை விட்டுவிட்டீர்கள்? விட்டதால் லாபம் யாருக்கு? இந்த இரண்டு கேள்விகளையும் ஆலையிலும் கிடங்கிலும் சங்கக் கூட்டத்திலும் கேட்போம். வேலை அளவை நிர்ணயிக்கும் மேஜையில், சுத்தியலைப் பிடிக்கும் கைக்கும் இடம் வேண்டும் என்று கோருவோம்.