வாளியின் எடையையும் பாருங்கள்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



பால் நிறுக்கும் கொட்டகையில் நடப்பதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிராணி வாளியோடு நிறுப்பார்; பிறகு வாளியின் எடையைக் கழிப்பார். கழிக்காவிட்டால் கணக்கு தப்பு. விஞ்ஞானிகளும் பூமியை இப்படித்தான் நிறுக்கிறார்கள்.

பூமியின் இழுப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவு இல்லை. அடியில் கனமான பாறை இருந்தால் கூடும். இலேசான மண் இருந்தால் குறையும். கடலில் பொதுவாக இந்த வித்தியாசம் 50 கிலோ ஆளுக்கு ஐந்து கிராம்கூட வராது. ஆனாலும் கப்பலில் வைக்கும் நுட்பமான கருவி அதைக் கண்டுபிடித்துவிடும்.

நம் திரங்கானு கரைக்கு அப்பால், கடலடியில் மலாய்ப் படுகை இருக்கிறது. ஏறக்குறைய 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பூமியின் மேலோடு, ரொட்டி சானாய் மாவை இழுத்ததுபோல் மெலிந்து பள்ளமானது. ஆறுகள் கொண்டுவந்த மணலும் சேறும் அதை நிரப்பின. அந்தப் படிவத்தின் ஆழம் 12 கிலோமீட்டருக்கும் மேல். எவரெஸ்ட் சிகரத்தையே உள்ளே இறக்கினாலும் மூடிவிடும்! எண்ணெயும் எரிவாயுவும் கிடைப்பது அந்தப் படிவங்களில்தான்.

இவ்வளவு இலேசான மண் இருந்தால் இழுப்பு ரொம்பக் குறைய வேண்டும் அல்லவா? அங்கே கொஞ்சம்தான் குறைகிறது. கருவியை மட்டும் நம்பினால், "பெரிய ஆழமில்லை" என்று எழுதிவிடுவோம். காரணம் என்ன? மேலோடு மெலிந்த இடத்தில், அதற்குக் கீழே உள்ள கனமான பாறை மேலே ஏறி நிற்கிறது. ஒரு லிட்டர் அளவு படிவம் ஏறக்குறைய 2.3 கிலோ என்றால், அந்தப் பாறை 3.3 கிலோ. இலேசான பாலை இரும்பு வாளியில் நிறுத்த மாதிரிதான்! அதனால் நில அதிர்வு அலைகளைக் கொண்டு மேலோட்டின் கனத்தைக் கணித்து, அதைக் கழித்த பிறகே படுகையின் உண்மையான ஆழத்தைச் சொல்கிறார்கள்.

ஒரு தாயார் என்னிடம் வந்து, "இவனுக்குப் படிப்பு ஏறல சார், ஆறாம் ஆண்டோட நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றார். அந்தப் பையன் விடியற்காலையில் எழுந்து, தம்பி தங்கைகளைக் குளிப்பாட்டி, பசியாற வைத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறவன். அவன் சுமக்கும் வாளியின் எடையை யார் பார்த்தார்கள்?

இன்று பரிசு வாங்கும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்துகள். வாங்காத பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: மார்க்கு என்பது தராசு காட்டும் எண் மட்டுமே. அதை வைத்து ஆழத்தை முடிவு செய்யாதீர்கள். பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள்.