நீலமலையில் ஓர் ஆற்றுப்படை

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குறிஞ்சிச் செடி ஒருமுறை பூத்து, மறுமுறை பூப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கணக்கில் பார்த்தால் நம் கழகம் இன்னும் ஒரு பூப்பைக்கூட நிறைவு செய்யவில்லை. ஆனால் இப்பத்தாண்டுகளில் நம் அவையில் குறிஞ்சி பூக்காத திங்களே இல்லை! நம் கவிதைகளில் அது மாரியிலும் பூத்தது, கோடையிலும் பூத்தது. என் கவிதைகளிலும் பூத்தது. அதைப் பற்றித்தான் இன்று சிறிது மனம் திறந்து பேச விரும்புகிறேன்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு ‘மலைவழிகளும் மரபும்’ என்பது. அத்தலைப்புக்குள் செல்லுமுன் ஒரு செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் நீலகிரியைப் பற்றி நான் இவ்வவையில் ஒரு கவிதை படித்தேன். கற்பூர மரங்களின் மணத்தை மலைமகளின் மூச்சு என்றும், சீகை மரங்களின் மஞ்சள் பூக்களை அவள் சூடிய பொன் என்றும் பாடியிருந்தேன். நீங்கள் கைதட்டி மகிழ்ந்தீர்கள். மலர்க்குழுவினர் அதனை இவ்வாண்டு மலரில் மறுபடியும் வெளியிட விரும்பினர். வேண்டாம் என்று நான் மறுத்துவிட்டேன். அதற்கு ஈடாக இவ்வுரையைத் தருவதாக வாக்களித்தேன்.

மறுத்ததற்குக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு, பனிக்காலத்தின் இறுதியில், உதகைக்கு மேற்கே தொதவர் மந்து ஒன்றுக்கு நடந்து சென்றேன். வழிகாட்டியாக அம்மந்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர் உடன் வந்தார். சரிவு முழுதும் சீகை மரங்கள் மஞ்சளாய்ப் பூத்து நின்றன. நான் நின்று, “என்ன அழகு!” என்றேன். முதியவரும் நின்றார். “அது எங்க மலைப் பூ இல்லீங்க ஐயா. அது வந்த பிறகுதான் எங்க எருமைக்கு மேய்ச்சல் போச்சுங்க” என்றார். அவர் குரலில் சினம் இல்லை. அறியாத குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மேலே நடந்தார். எனக்குத்தான் கால் எழவில்லை.

அவர் சொன்னது உண்மை. கற்பூர மரம் என்று நாம் அழைக்கும் யூக்கலிப்டஸ் 1843-ஆம் ஆண்டு நீலகிரிக்குக் கொண்டுவரப்பட்டது. சீகையும் அதைப் போலவே ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. முதலில் விறகுக்காக நட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தோல் பதனிடும் பட்டைக்காகவும், செயற்கை இழைக்கு வேண்டிய மரக்கூழுக்காகவும் புல்வெளிகளின் மீது பெருமளவில் நட்டார்கள். புல்வெளியை ஆண்டவர்கள் ‘வெற்று நிலம்’ எனக் கணக்கில் எழுதினார்கள். மரம் இல்லாத இடத்தில் மரம் வைப்பது நற்செயல்தானே என்று நாமும் நம்பினோம்.

ஆனால் அம்மலையின் இயல்பு வேறு. காற்று மறைவான பள்ளங்களிலும் ஓடைக்கரைகளிலும் குட்டையான மரங்கள் செறிந்த சோலை. மேலே மேடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி. இவ்விரண்டும் சேர்ந்ததே மேல்மலை. உலகத்து அறிவியல் நூல்கள் அக்காட்டைச் ‘சோலா’ என்றே குறிக்கின்றன. நம் தமிழ்ச்சொல்தான் அது! சோலையைச் சொல்லாகக் கொடுத்த நாம் புல்வெளியை மறந்தோம். பெய்யும் மழையை அப்புல்வெளியும் அதன் அடியில் உள்ள கரிய மண்ணும் உள்வாங்கி வைத்து, ஆண்டு முழுதும் ஊற்றாய்க் கசியவிடுகின்றன. பைக்காரா ஆறு மோயாறாகி, பவானியில் கலந்து, காவிரியைச் சேர்கிறது. கீழே வயலில் நிற்கும் நெல்லுக்கு மேலே நிற்கும் புல் தாய்.

கவிஞர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இங்கே உண்டு. குறிஞ்சி அடர்காட்டுச் செடி அன்று. திறந்த புல்வெளிச் சரிவில் வளரும் புதர்ச்செடி. ஒருமுறை பூத்து, விதை உதிர்த்து, மடிந்துவிடும். அவ்விதை முளைக்கப் புல்வெளி வேண்டும். அங்கே சீகையின் நிழல் மூடிவிட்டால் முளைக்க இடமில்லை. நானோ குறிஞ்சியையும் சீகையையும் ஒரே கவிதையில் அக்கம்பக்கமாக வைத்துப் பாடியிருந்தேன். ஒன்றின் இடத்தைப் பறித்தது மற்றொன்று என்பதை அறியாமல் பாடினேன்.

முதியவர் என்னை அவர்களுடைய கோயிலின் அருகே, வேலிக்கு வெளியே நிறுத்திக் காட்டினார். பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தாற்போன்ற கூரை. அக்கூரையை எல்லாப் புல்லாலும் வேய்வதில்லை. மலைச்சதுப்பில் வளரும் ஒருவகைப் புல்லே அதற்கு உரியது. சதுப்பு வற்றினால் புல் இல்லை. புல் இல்லையேல் கோயிலுக்குக் கூரை இல்லை. இயற்கை என்றும் மரபு என்றும் நாம் இரண்டு தலைப்புகளில் பேசுகிறோம். அங்கே அவை இரண்டும் ஒரே கூரையாய் இருக்கின்றன.

தொதவர் எண்ணிக்கையில் மிகச் சிறிய இனத்தவர். ஆனால் அவர்களுடைய பாட்டு மரபு பெரிது. 1930-களில் அவர்களிடையே தங்கி அவர்கள் மொழியை ஆராய்ந்த எமனோ, பின்னர் 1971-இல் தொதவர் பாடல்களைப் பெருந்தொகுப்பாக வெளியிட்டார். ஏறத்தாழ ஒவ்வொரு தொதவரும் பாடல் புனைய வல்லவர் என்பது அவர் கண்ட வியப்பு. அப்பாடல்களில் தொடர்கள் இணை இணையாக வரும். ஒரு குன்றைப் பாடினால் அதற்கு இணையான மற்றொரு குன்று உடன் வரும். அவர்தம் பால்மனை வழிபாட்டிலோ குன்றுக்கும் சுனைக்கும் தொழுவத்துக்கும் தனித்த திருப்பெயர்கள் உண்டு. அப்பெயர்களை வரிசையாக ஓதுவதே வழிபாடு. இறந்தோர் செல்லும் நாடு மேற்கே உள்ளது என்பதும், அங்குச் செல்லும் வழியில் இன்ன கல், இன்ன ஓடை என்பதும் அவர்கள் நம்பிக்கை. 1906-இல் வெளிவந்த ரிவர்ஸ் அவர்களின் நூலிலேயே இவை பதிவாகியுள்ளன. ஒரு குன்று நீருக்குள் மூழ்கினால், அல்லது மரத்தோப்பில் மறைந்தால், அவர்கள் பாட்டில் ஒரு சொல் தன் பொருளை இழக்கிறது. மின்சாரத்துக்காகக் கட்டிய அணைகளுள் ஒன்றுக்குப் போர்த்திமந்து என்று பெயர். மந்து என்பது இன்று அணையின் பெயரில் இருக்கிறது.

தொதவர் மட்டுமா? கோத்தர் இரும்பு வேலையும் மட்பாண்டமும் இசையும் தந்தனர். படகர் தானியம் தந்தனர். தொதவர் நெய் தந்தனர். குறும்பர் தேனும் காட்டுப்பொருளும் தந்தனர். இவற்றைச் சுமந்து நடந்த கால்கள் இட்டவையே அம்மலையின் பழைய ஒற்றையடிப் பாதைகள். கோத்தகிரிக்கு அப்பால் வெள்ளரிக்கொம்பையை ஒட்டிய பாறையில் பழைய ஓவியங்கள் உள்ளன. குறும்பர் அதை எழுத்துப்பாறை என்கின்றனர். எழுதுதல் என்றால் தமிழில் வரைதலும்தானே! அம்மக்களோடு பழகி, படகர் வாழ்வைக் ‘குறிஞ்சித்தேன்’ என்று நாவலாக்கிய ராஜம் கிருஷ்ணனை இவ்விடத்தில் வணங்குகிறேன்.

இனி, காப்பகங்களைப் பற்றி. முதுமலைச் சரணாலயம் 1940-இல் அமைந்தது. நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986-இல், இந்தியாவின் முதலாவதாக, 5,520 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஏற்பட்டது. நம் மாநில விலங்காகிய வரையாட்டுக்குப் புகலிடமான முக்கூர்த்தி 1990-இல் தேசியப் பூங்காவாயிற்று. 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் பகுதிகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றபோது முக்கூர்த்தியும் அதில் இடம்பெற்றது. இவையெல்லாம் போற்றத்தக்கவை. ஆனால் வேலியிட்டு நிலத்தைக் காக்கலாம். அந்நிலத்தின் பெயர்களைக் காப்பது யார்? அதற்கு நடப்பவரும் வேண்டும், சொல்பவரும் வேண்டும். 2024 அக்டோபரில் தமிழ்நாட்டு வனத்துறை 14 மாவட்டங்களில் 40 மலைவழிகளைத் திறந்து, அந்தந்த ஊர்ப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்தியது. அவர்கள் பின்னே நடப்பது, என் பட்டறிவில், நூறு நூல்களுக்கு நிகர்.

வழிகாட்டுவது தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. அவற்றுள் மலைபடுகடாம் 583 அடிகளில் செங்கத்து நன்னனிடம் செல்லும் கூத்தருக்கு மலைவழி சொல்கிறது. வெறும் வருணனையா அது? இன்ன இடத்தில் பன்றிக்கு வைத்த பொறி உண்டு, இன்ன இடத்தில் பாம்பு உண்டு, புனம் காப்போர் எறியும் கவண்கல் வரும், பாறை வழுக்கும் என்று எச்சரிக்கிறது. நடந்து கண்டவன், நடக்கப் போகிறவனுக்குச் சொல்வது. நடக்காதவனால் அதைச் சொல்ல முடியாது. 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினார் கபிலர். இந்த அவையில் எத்தனை பேர் ஒன்பது மலைப்பூக்களை நேரில் கண்டு பெயர் சொல்ல வல்லோம்? என்னால் அன்று இயலவில்லை. இன்று ஐந்து சொல்வேன். அவற்றுள் இரண்டு அம்முதியவர் கற்பித்தவை.

ஆகவே, கழகத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைத்து அமைகிறேன். குறிஞ்சி 2006-இலும் 2018-இலும் பெருமளவில் பூத்தது. அடுத்த பெரும்பூப்பு 2030-இல் வரும். அப்பூவைக் காணத் திரளாக ஊர்தியில் சென்று, கிளையொடித்துப் படமெடுத்துத் திரும்பும் கூட்டத்தில் நாமும் சேர வேண்டா. அதற்கு முன்பே, பூவில்லாத ஆண்டுகளில், சிறுசிறு குழுவாய், உரிய அனுமதியோடு, அம்மண்ணின் மக்கள் முன்னே நடக்க நாம் பின்னே நடப்போம். பூக்காத குறிஞ்சிச் செடியை இலை கண்டு அறியக் கற்போம். குன்றின் பெயரை அங்கு வாழ்பவர் வாயால் கேட்டு, அப்பெயராலேயே எழுதுவோம். அதுவரை, நான் குறிஞ்சி பற்றிக் கவிதை எழுதுவதில்லை என முடிவு செய்துள்ளேன். உங்களை அவ்வாறு கட்டுப்படுத்த எனக்கு உரிமையில்லை.

விடைபெறும்போது அம்முதியவரிடம் என் பழைய கவிதையைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரித்தார். “அடுத்த தடவை வாங்க ஐயா, புல்லுப் பக்கம் கூட்டிப் போறேன்” என்றார்.

நான் போகிறேன். என்னுடன் வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் தருக.