வறண்ட தோலும் கொப்புளமும்
(மட்டாஞ்சேரியில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தோல் வைத்தியன் என்பதால் என்னிடம் பலரும் கேட்பது இது: "ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காயல். இந்தக் கொச்சியில் தோல் எப்படி வறளும்?" நியாயமான கேள்விதான். தோலை வறளச் செய்வதே தண்ணீர்தான் என்றால் நம்புவீர்களா?

தோலின் மேல்படலம் செங்கல் சுவர் மாதிரி. செல்கள் செங்கல், நடுவிலுள்ள கொழுப்பு, சாந்து. வெந்நீரும் சோப்பும் அந்தச் சாந்தைக் கரைக்கின்றன. வயதானால் அது தானாகவும் குறைகிறது. வறட்சி மட்டும் கொப்புளத்தை உண்டாக்காது. ஆனால் சாந்து போன சுவர் வழியே சோப்பும் புளியும் எலுமிச்சைச் சாறும் சுலபமாக உள்ளே போகும். அங்கே அழற்சி உண்டாகி நீர் கோர்த்தால் அதுவே கொப்புளம்.

ஃபோர்ட் கொச்சி வெளியில் தோபிகானாவைப் பார்த்திருப்பீர்கள். அங்கே துணி வெளுப்பவர்களுக்கு மட்டுமல்ல, தேஹண்டக்காரர்களுக்கும், நாள் முழுக்க அடுக்களையில் நிற்கும் மாமிகளுக்கும் இது தொழில் வியாதி. விரல் ஓரங்களிலும் உள்ளங்கையிலும் ஜவ்வரிசி போலச் சிறு கொப்புளங்கள் எழும்பி அரிக்கும். இதற்கு 'பாம்ஃபோலிக்ஸ்' என்று பெயர். வியர்வை, மனக்கவலை, நிக்கல் உலோகம், காலிலுள்ள படை ஆகியவையும் இதைத் தூண்டலாம். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் வற்றி, தோல் உரியும். இது ஒட்டுவாரொட்டி அல்ல.

சிகிச்சை என்ன? கொப்புளத்தைக் குத்தி உடைக்காதீர்கள். சுண்ணாம்பு, டூத்பேஸ்ட் எதுவும் தடவாதீர்கள். பாத்திரம் தேய்க்கும்போது உள்ளே பருத்தி உறை, மேலே ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு களிம்பு நல்ல மருந்து. ஆனால் எது, எத்தனை நாள் என்று டாக்டர் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு மாமியின் ட்யூபை வாங்கித் தடவினால் தோல் மெலிந்துபோகும். படையாக இருந்தால் பரவும்.

வறட்சிக்கு மருந்து நம் ஊரிலேயே இருக்கிறது. தேங்காயெண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன மட்டாஞ்சேரியில் அதைச் சொல்லவும் வேண்டுமா! பிலிப்பைன்ஸில் நடத்தப்பட்டு 2004-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வறண்ட தோலுக்குத் தேங்காயெண்ணெய் மினரல் ஆயிலுக்கு இணையாகப் பலன் தந்தது. குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிஷத்துக்குள் குளித்து, ஒற்றித் துடைத்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெயோ வாஸலினோ தடவுங்கள். வெடித்த தோலிலும் உடைந்த கொப்புளத்திலும் மட்டும் எண்ணெய் வேண்டாம்.

இனி, இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அறுபது, எழுபது தாண்டியவர்களுக்கு வாரக்கணக்கில் அரிப்பு இருந்தால் "வயசாச்சு, தோல் காஞ்சுபோச்சு" என்று விட்டுவிடுகிறோம். பிறகு திடீரென்று தொடையிலும் வயிற்றிலும் பெரிய, இறுக்கமான கொப்புளங்கள் கிளம்பும். இது 'பெம்ஃபிகாய்ட்', உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தாக்கும் வியாதி. சிலருக்குச் சர்க்கரைக்குச் சாப்பிடும் 'கிளிப்டின்' வகை மாத்திரையாலும் வரலாம். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். வாயில் ஆறாத புண்ணோடு கொப்புளம் வந்தால் எந்த வயதானாலும் தாமதிக்காதீர்கள்.

சர்க்கரை வியாதிக்காரர்கள் உச்சி வேளையில் கோவில் பிரகாரத்தில் வெறுங்காலோடு நடப்பதைத் தவிர்க்கவும். நரம்பு மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது; கொப்புளம் வந்ததும் தெரியாது. ராத்திரி படுக்கும்முன் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாத அப்பா அம்மாவுக்குப் பிள்ளைகள் பார்க்கட்டும். சிவந்து, சீழ் வைத்து, ஜுரமும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

சந்தேகம் உள்ளவர்கள் காபிக்குப் பிறகு என்னிடம் தாராளமாகக் கேட்கலாம்.