கூப்பிட ஓர் எண்

1935 மே மாதம். அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் ஆக்ரன் நகரம். மேஃபிளவர் ஓட்டலின் முன்கூடத்தில் பில் வில்சன் தனியாக நிற்கிறார். குடிநோய்க்குச் சிகிச்சை முடிந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. வந்த வியாபாரம் கைகூடவில்லை. ஊரில் தெரிந்தவர் யாருமில்லை. ஒரு பக்கம் பாரிலிருந்து வரும் சிரிப்பொலி, மறு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்தார். தன்னைப் போலவே குடியோடு போராடும் ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்று தேவாலயத்தாரிடம் கேட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் என்ற அறுவை சிகிச்சை நிபுணர். கால் மணி நேரம் மட்டும் என்று சொல்லிவிட்டு வந்தவர், பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு பிறந்தது அப்படித்தான்.

அந்த அமைப்பின் கூட்டங்கள் இன்று தமிழ்நாட்டில் தமிழிலேயே நடக்கின்றன. கட்டணம் கிடையாது, முழுப் பெயரும் சொல்ல வேண்டாம். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டமும் உண்டு. ஆனால், குடிநோய்க்குச் சிகிச்சை பெற்றவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், "அதான் சரியாயிடுச்சே, நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க" என்று வீட்டாரே கூட்டத்துக்குப் போகவிடாமல் தடுத்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம். முதல் சில மாதங்களில்தான் சறுக்கல் அதிகம். சம்பள நாள் மாலையையும் கல்யாண வீட்டு இரவையும் தனியாகத் தாண்டுவது லேசல்ல. அந்த நேரத்தில் கூப்பிட ஓர் எண் அவர் கையில் இருக்க வேண்டும். மருந்தும் மருத்துவரும் தொடரட்டும். கூட்டத்துக்கும் அனுப்பிவையுங்கள், முடிந்தால் வாசல் வரை கூடவே போய்வாருங்கள்.