எழுத்து வரிக்கு இறை வரியா?

(திருநாவலூரில் தமிழன்பர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வரி என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். ஓலையில் எழுதும் எழுத்தொழுங்கும் வரி. அரசுக்கு இறுக்கும் பொருளும் வரி. முன்னதன் தலையில் பின்னதை ஏற்றலாமா என்பதே இன்று உங்கள்முன் நான் வைக்கும் வினா. இணையத்தின்மேல் விதிக்கப்படும் வரியைத்தான் சொல்கிறேன். "அப்படியொரு வரி இருக்கிறதா, ஐயா?" என்று பின்வரிசைத் தம்பி ஒருவர் கேட்பது என் காதில் விழுகிறது. இருப்பதே தெரியாமல் இருப்பதுதான், தம்பி, அவ்வரியின் திறம்!

2014 அக்தோபரில் அங்கேரி நாட்டரசு, இணையத்தில் செல்லும் தரவில் ஒவ்வொரு கிகாபைட்டுக்கும் 150 போரிண்டு வரி வாங்கப் போவதாக அறிவித்தது. புடாபெசுட்டு நகரத் தெருக்களில் பல்லாயிரவர் கைப்பேசி விளக்கை உயர்த்திப் பிடித்துத் திரண்டனர். அத்திங்கள் 31-ஆம் நாளே தலைமையமைச்சர் ஓர்பான் அவ்வரியைக் கைவிட்டார். அங்கே அத்துணை ஆரவாரம். இங்கே ஏன் ஓசையே இல்லை? அங்கே வரி வெளிப்படையாக வந்தது. இங்கே கட்டணத்துக்குள் பதுங்கி வந்தது. கைப்பேசிக்கு 299 உரூபா ஏற்றினால், அதில் 45 உரூபா 61 காசு வரி. நூற்றுக்குப் பதினெட்டு: ஒன்பது ஒன்றிய அரசுக்கு, ஒன்பது மாநில அரசுக்கு. இவ்வூரிற் பிறந்த நம்பியாரூரரை மணப்பந்தலில் ஒரு முதியவர் வழிமறித்து, "நீ எனக்கு அடிமை" என்றபோது, நம்பி கேட்டது என்ன? "ஆளோலை எங்கே? காட்டும்" என்பதுதானே! அவ்வூர்க்காரர்களாகிய நாமோ ஓலையைக் கேட்பதுமில்லை, படிப்பதுமில்லை.

இவ்வரி வந்த வழி சற்று நகைப்புக்குரியது. தொலைத்தொடர்பு ஒரு பணியே; அதை விற்கப்படும் சரக்காகக் கொண்டு மாநிலங்கள் விற்பனை வரி வாங்கலாகாது என்று 2006-இல் உச்ச நயன்மன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னும் கருநாடக வரித்துறையார் ஓர் ஏரணம் கண்டுபிடித்தனர். இணையம் கண்ணாடியிழையில் ஒளியாகச் செல்கிறது. ஒளியாற்றல் ஒரு சரக்கு. ஆகவே நிறுவனம் வாடிக்கையாளருக்கு ஒளியை விற்கிறது. எடு விற்பனை வரியை! அவ்வொளியை எந்தப் படியால் அளந்தார்களோ, நானறியேன். 2011-இல் அம்மாநில உயர் நயன்மன்றம் அதைத் தள்ளிவிட்டது.

பின்னர், 2017 சூலை முதல் நாள், கடைக்காரர் வாயில் சி.எசு.டி. என வழங்கும் சரக்கு-பணி வரி வந்தது. மாநிலத்துக்கும் பங்கு கிடைத்தது. ஆனால் அதைக் கூட்டவும் குறைக்கவும் தனித்த உரிமை இல்லை. எல்லாம் வரிமன்றத்தின் பரிந்துரைப்படியே நடக்க வேண்டும். அம்மன்றத்தில் ஒன்றியத்தின் வாக்கு மூன்றில் ஒரு பங்கு. எல்லா மாநிலங்களும் சேர்ந்து மூன்றில் இரு பங்கு. முடிவெடுக்க வேண்டுவதோ நான்கில் மூன்று பங்கு. ஒன்றியம் இசையாமல் ஓர் அணுவும் அசையாது. அன்று விதிக்கும் உரிமை இல்லை. இன்று விலக்கும் உரிமை இல்லை.

விலக்கும் உரிமை மொழிக்கு என்ன செய்யும் என்பதை நாம் கண்ணாரக் கண்டவர்கள். 2006-இல் கலைஞர் அரசு, தமிழிற் பெயர் வைத்த திரைப்படங்களுக்குக் கேளிக்கை வரி இல்லை என்றது. ஆங்கிலப் பெயரோடு அலைந்த பட முதலாளிகள் பெயரை மாற்றினர். மொழிப்பற்றினால் அன்று, பணப்பற்றினால்தான். ஆயினும் சுவரொட்டியில் தமிழ் நின்றது! அந்தப் பிடி 2017-இல் பெரும்பாலும் நழுவிவிட்டது. உள்ளாட்சிகளின் கேளிக்கை வரி மட்டுமே எஞ்சியது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அச்சிட்ட நூலுக்குச் சரக்கு-பணி வரி இல்லை. செய்தித்தாளுக்கும் இல்லை. நன்று. அதே நூலை இணையத்தில் படிக்கப் போகும் பிள்ளையிடம் வழியிலேயே பதினெட்டு விழுக்காடு வாங்கப்படுகிறது. மதுரைத் திட்டத்தை 1998 பொங்கலன்று தொடங்கினார்கள். உலகின் பல மூலைகளிலிருந்து தமிழர்கள் கூலி பெறாமல் தட்டெழுதிச் சங்க நூல்களையும் பிற இலக்கியங்களையும் ஏற்றி வைத்தார்கள். அறம் செய்தவன் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறான். பந்தலுக்குப் போகும் பாதையில் அரசு சுங்கச்சாவடி வைக்கிறது! முதற் குலோத்துங்கனுக்குச் சுங்கந் தவிர்த்த சோழன் என்ற பெயர் நிலைத்தது ஏன் என்பதை மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை.

"வரியே வாங்காவிட்டால் அரசு எதைக்கொண்டு நடக்கும்?" என்பார்கள். வரி வேண்டா என்பது என் கட்சியன்று. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்னது புறநானூற்றில் இருக்கிறது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பன்னாள் உணவாகும்; யானையே வயலிற் புகுந்தால் வாயிற் புகுவதினும் காலில் மிதிபடுவதே மிகுதி. கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துக் கூலித் தொழிலாளி, பிள்ளையின் படிப்புக்காக ஏற்றும் பணத்திலும் பதினெட்டு. சென்னையில் மாளிகை கட்டியவர் ஏற்றும் பணத்திலும் பதினெட்டு. மலைச்சிற்றூர் சிலவற்றில், வரி கட்டிய பின்னும் அலை கிடைக்க மேடேறி நிற்க வேண்டும். இது கவளமா, மிதிப்பா?

வழி இல்லாமலில்லை. பெருந்தொற்றினால் கல்லூரிகள் மூடிக்கிடந்தபோது, 2021 சனவரி முதல் ஏப்பிரல் வரை, ஏறத்தாழ 9 இலக்கத்து 69 ஆயிரம் மாணவர்க்கு நாளொன்றுக்கு 2 கிகாபைட்டுத் தரவைத் தமிழக அரசு விலையின்றித் தந்தது. வரியை விலக்க முடியாதெனினும், வாங்கியதைத் திருப்பித் தர எவர் ஒப்புதலும் வேண்டா. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் வீட்டுக்கு, மலைவாழ் பிள்ளைகளின் வீட்டுக்கு முதலாவதாக, தன் பங்கான ஒன்பது விழுக்காட்டை மாநில அரசு உதவித்தொகையாகத் திருப்பித் தரட்டும். வரிமன்றத்தில் பிற மாநிலங்களையும் சேர்த்துக்கொண்டு, நூலுக்குள்ள விலக்கை இணையத்துக்கும் கேட்கட்டும்.

இவ்விரண்டையும் எழுதிய வேண்டுகை மடல் வாயிலருகே உள்ள பலகைமேல் இருக்கிறது. போகும்போது கையெழுத்திட்டுச் செல்லுங்கள். தமிழிலேயே இடுங்கள், தந்தை பெயரின் முதலெழுத்தையும் மறவாமல் தமிழிலேயே!