வளிவில்லும் அதன் கசிவும்

வண்டியின் உடலுக்கும் சில்லுகளுக்கும் இடையில் நின்று, பாதையின் அதிர்ச்சியைத் தான் ஏற்றுக்கொள்வது வில். உருக்குத் தகடுகளை அடுக்கிச் செய்த வில்லும், பின்னர்ச் சுருளிவில்லும் நெடுங்காலம் இப்பணியை ஆற்றி வந்தன. உருக்கிற்குப் பதிலாக, அமுக்கிய வளியையே வில்லாக்க முயன்றோரும் உளர். 1957ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த கடிலாக் எல்டொராடோ புரூம் என்னும் காரில் நான்கு சில்லுகளுக்கும் வளிவில் பொருத்தப்பட்டிருந்தது. ஆயினும், அதன் தொல்லை பொறாது சுருளிவில்லுக்கு மாறிய உரிமையாளர் பலர். 2013ஆம் ஆண்டு மாதிரியாக வந்த ராம் 1500 என்னும் பிக்கப் வண்டியிலும், விரும்பியோருக்கு நான்கு மூலைகளிலும் வளிவில் பொருத்திக் கொடுக்கப்பட்டது.

பிக்கப் வண்டிக்கு இதனால் வரும் நன்மை தெளிவானது. பின்தட்டிற் பாரம் ஏற்றினால் வண்டியின் பின்புறம் தாழும். உயரத்தை அறியும் கருவி அதனைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு உணர்த்த, இறப்பர்ப் பைகளுக்குள் மேலும் வளி செல்லும். வண்டி மீண்டும் சமநிலை அடையும். வளியை அமுக்குவதற்கு ஒரு கொம்பிரசரும், சேமிப்பதற்கு ஒரு கலமும், பங்கிடுவதற்கு வால்வுத் தொகுதியும், இவற்றை இணைக்கும் சிறு குழாய்களும் உள்ளன. இவற்றுள் எங்கேனும் ஊசிமுனையளவு துளை விழுந்தாலும் வண்டி மெல்ல மெல்லத் தாழத் தொடங்கும்.

இவ்விடத்திற் பலர் செய்யும் பிழை யாதெனில், கொம்பிரசரையே குற்றவாளியெனக் கொள்வதாகும். அது அடிக்கடி ஓடுகிறது, சூடேறுகிறது, ஒரு நாள் நின்றும் விடுகிறது. ஆகவே, பெரும் பணம் கொடுத்துப் புதியதொன்றை வாங்கிப் பொருத்துகின்றனர். கொம்பிரசரோ சிறிது நேரம் ஓடி ஓய்வதற்கென அமைந்தது. கசிவினால் இழந்த வளியை ஈடுசெய்ய ஓயாது உழைத்தே அது பழுதுற்றது. கசிவு இருக்குமட்டும் புதியதும் பழையதன் வழியிலேயே செல்லும்.

ஆதலின், முதலிற் செய்யத்தக்கது அளவெடுத்தல். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் நடுவிலிருந்தும் அதன் மேலுள்ள தகட்டின் விளிம்புவரை அளந்து, நான்கு எண்களையும் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஓரிரவு கழித்து மீண்டும் அளக்க வேண்டும். சில வாகனங்களில் ஒரு மூலை தாழ்ந்தால், சமநிலைக்காகக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஏனைய மூலைகளையும் தாழ்த்திவிடும். அப்போது உண்மை மறைந்துவிடும். அத்தகைய வாகனத்தில், அப்பெட்டிக்கு மின்சாரம் தரும் உருகியை இரவு முழுவதும் கழற்றி வைப்பது நன்று.

காலையில் ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருப்பின், அம்மூலையின் பையையோ குழாயையோ இணைப்பையோ வால்வையோ ஐயுறலாம். நான்கும் ஒருங்கே தாழ்ந்திருப்பின், அது கசிவாகவே இருத்தல் வேண்டுமென்பதில்லை, குளிரும் காரணமாகலாம். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலே, 20 பாகை செல்சியசு வெப்பமுள்ள கொட்டகையிலிருந்து மைனஸ் 20 பாகைக் குளிருக்கு வண்டியைக் கொண்டுசெல்வதாகக் கொள்வோம். பை தாங்கும் பாரம் மாறாமையால் அதன் அமுக்கமும் ஏறக்குறைய மாறாது. உள்ளிருக்கும் வளியின் கனவளவோ சுமார் 14 சதவீதம் குறையும். வண்டி தாழும். ஆனால், குளிரால் வந்த தாழ்வு வெப்பநிலை நிலைத்ததும் நின்றுவிடும். கசிவால் வந்த தாழ்வு நில்லாது தொடரும். இரண்டாம் நாளும் அளந்து பார்ப்பவரே இவ்வேறுபாட்டை அறிவர்.

இடம் ஒருவாறு தெரிந்தபின், துளையைக் காட்டுவது சவர்க்கார நீரே. சைக்கிள் ரியூப்பை நீரில் அமிழ்த்திக் குமிழியைத் தேடும் முறைதான் இது. பையின் மடிப்புகளிலும், குழாய் இணைப்புகளிலும், வால்வுத் தொகுதியிலும் அந்நீரைத் தெளித்துப் பொறுமையோடு நோக்க வேண்டும். மடிந்து விரியும் இடத்திலேயே இறப்பர் வெடிப்பதுண்டு. அவ்வெடிப்பு ஒரு குறித்த உயரத்தில் மட்டும் வாய் திறக்கும். ஆகையால், வண்டியைத் தாழ்த்தியும் உயர்த்தியும் பார்த்தல் அவசியம். ராம் வண்டியிலுள்ளது போன்ற மூடிய அமைப்பில், வளி வெளியே போகாது வால்வின் ஊடாகச் சேமிப்புக் கலத்தினுள் கசிவதும் உண்டு. குமிழி எங்கும் தோன்றாமல், மூலை மட்டும் தாழ்ந்து, மொத்த வளியும் குறையாதிருப்பின், குற்றம் வால்வினுடையதெனக் கருதலாம்.

யாவற்றினும் முதன்மையான எச்சரிக்கை ஒன்றுண்டு. வளிவில்லை நம்பி எவரும் வண்டிக்குக் கீழே படுத்தலாகாது. கசிவு திடீரெனப் பெருகினால், பல நூறு கிலோகிராம் எடை ஒரு கணத்தில் இறங்கிவிடும். ஜாக்கியும் போதாது, சட்டத்திற்குக் கீழே உறுதியான தாங்குகால்கள் நிறுத்திய பின்னரே உள்ளே செல்லல் வேண்டும். அமுக்கம் இறக்கப்படாத குழாயை எக்காரணங் கொண்டும் கழற்றலாகாது.

அளவுகோலும், சவர்க்கார நீரும், ஓரிரவுப் பொறுமையும் சில ரூபாய்ச் செலவில் கிடைப்பவை. அவை காரணத்தைக் காட்டிய பின்னர்ப் புதிய உறுப்பு வாங்குபவர், ஒருமுறை மட்டுமே வாங்குவர்.