அச்சுத் தகடும் மனிதரும்



ஈயக் கலவையில் ஒருமுறை வார்த்த தகட்டைக் கொண்டு ஒரே பக்கத்தை ஆயிரக்கணக்கில் அச்சிடுவது பழைய அச்சுக்கூட வழக்கம். அத்தகட்டின் பெயரையே, மக்கட் குழுக்களைப் பற்றி மனத்தில் ஆயத்தமாக நிற்கும் படிமங்களுக்கு 1922இல் இட்டு வழங்கினார் அமெரிக்க இதழாளர் வால்ட்டர் லிப்மன்.

திரைப்பட மாணவர்க்கு இத்தகடு பெரிய வசதி. கையில் இருப்பதோ பத்துப் பதினைந்து நிமிடம். வீட்டுப் பணிப்பெண் என்று காட்ட, இடுப்பில் செருகிய சேலையும் குனிந்த தலையும் போதும். பார்ப்பவர் உடனே இனங்கண்டுகொள்வர். முன்பு பார்த்த படங்களைத்தான் அவர்கள் இனங்காண்கின்றனர், அவளை அறிவதில்லை. இரக்கத்தோடு எடுத்தாலும் இழப்பு இழப்பே. அவளுக்கென ஒரு விருப்பம் அப்படத்தில் இராது.

நேரக் குறைவைக் காரணம் காட்டுவதற்கில்லை. பாயல் கபாடியா புனே திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனத்தில் பயின்றபோது எடுத்து, 2017இல் கான் விழாவின் மாணவர் பிரிவுக்குத் தேர்வான 'ஆஃப்டர்நூன் கிளவுட்ஸ்' 13 நிமிடப் படமே. மும்பை அடுக்குமாடி வீடொன்றில் 60 வயதுக் கைம்பெண் காக்கி. அவருடன் நேபாளத்துப் பணிப்பெண் மால்தி. ஒரு பிற்பகலில் மால்தி தன் ஊர் இளைஞனை எதிர்பாராமல் சந்திக்கிறாள். அவளுக்கும் ஓர் ஊர் உண்டு, ஒரு மனம் உண்டு என்று உணர்த்த அச்சந்திப்பே போதுமானதாகிறது.

படக்கருவியைக் கையில் எடுக்குமுன் மாணவர் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: படத்தில் வரும் மனிதரே அரங்கில் வந்து அமர்ந்தால், திரையில் தம்மைக் காண்பாரா, தகட்டைக் காண்பாரா?